தோட்டாப் பண்டிதர்

பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில், மலையும் சோளக்கொல்லையும் மாறி மாறி வரும் அந்த வட்டாரத்தில், எந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனாலும் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருவர் நிற்பார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பதால் கடைக்காரர் இல்லை. எதுவும் வாங்காததால் வாடிக்கையாளரும் இல்லை. கையில் இருக்கும் காபி எப்போதோ ஆறியிருக்கும். வருகிறவர்கள் கேட்கும் கேள்விக்குக் கடைக்காரர் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவது அவர் தானாக எடுத்துக்கொண்ட உத்தியோகம். சம்பளம் கிடையாது, கொடுத்தாலும் வாங்கமாட்டார். பேச விட்டால் போதும்.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. எங்கள் ஊர்க்காரர் என் அலுவலகத்திலேயே அடுத்த மேசை. இருவரும் ஒரே காரில் போய் வருகிறோம். அதனால் மாலையில் வீடு திரும்பும் வழியில் அந்தக் கடையில் காத்துக்கிடக்கும் பாக்கியம் எனக்கு நிரந்தரமாக வாய்த்திருக்கிறது. அவர் பெயர் நமக்கு எதற்கு? தோட்டாப் பண்டிதர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு மாலை, மருத்துவமனைச் சீருடையோடு ஓர் இளம்பெண் வந்தாள். செவிலி. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள் போலும். "இந்த வருஷம் அப்பாவோட மான் வேட்டைக்குப் போறேன். எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்று கேட்டாள். கடைக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். காபிக் கோப்பை கவுண்டரில் இறங்கிவிட்டது.

"எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள்?" என்றார் பண்டிதர். நல்ல கேள்விதான். அதை மறுக்கமாட்டேன்.

"தாத்தாவோட ஆப்பிள் தோட்டம்தான். மரத்து மேல உக்காந்தா அந்தப் பக்கத்து வேலி எழுபது கெஜம் இருக்கும்."

"சரி, ஐந்நூறு கெஜம் என்று வைத்துக்கொள்வோம்."

இந்த ஒரு வரியில் பண்டிதரின் முழு ஜாதகமும் இருக்கிறது. அந்த வட்டாரக் காடுகளில் நூறு கெஜத்துக்கு அப்பால் கண்ணே போகாது. ஓக் மரங்களுக்கு அடியில் மௌண்டன் லாரல் புதர் இடுப்பளவுக்கு மண்டிக் கிடக்கும். மான் தெரிந்தால் அறுபது கெஜத்தில் தெரியும், இல்லையென்றால் தெரியாது. இருந்தும் பண்டிதர் மனத்தில் ஒரு திறந்தவெளி விரிந்து கிடக்கிறது. அது வயோமிங் மாநிலம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கச் சரிவில் ஓர் எல்க் மான், குதிரை உயரம், நின்றுகொண்டிருக்கிறது. வெளி மாநிலத்தார் அங்கே எல்க் சுட வேண்டுமானால் குலுக்கலில் அனுமதி விழ வேண்டும். வருஷா வருஷம் பணம் கட்டி முன்னுரிமைப் புள்ளி சேர்த்து வைக்கலாம். பண்டிதர் அதை வருமான வரி மாதிரி தவறாமல் கட்டுகிறார். குலுக்கலுக்கு மட்டும் விண்ணப்பிப்பதில்லை. கேட்டால், இன்னும் துப்பாக்கி முடிவாகவில்லை என்பார்.

அவர் வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் அந்த எல்க்குக்காகத்தான். ஆப்பிள் தோட்டத்து மானெல்லாம் அவருக்கு ஒரு இடைஞ்சல்.

செவிலிப் பெண்ணுக்கு வகுப்பு தொடங்கியது. இந்த சாஸ்திரத்தில் வெளியாட்களை மிரட்டுவதற்கென்றே பெயர் வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். .30-06 என்பதில் முப்பது, குழலின் துளை அங்குலத்தில். 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906ஆம் வருஷம். சரி, புரிந்துவிட்டது என்று .30-30-க்குப் போனால், அது 1930 இல்லை, 1895-லேயே வந்துவிட்டது. இரண்டாவது முப்பது உள்ளே அடைத்த புகையில்லா மருந்தின் எடை. .45-70-இல் வரும் எழுபது கருமருந்தின் எடை. அப்படியானால் .250-3000 என்பதில் மூவாயிரம் எடை மருந்தா? அத்தனை போட்டால் மானும் மிஞ்சாது, சுடுகிறவரும் மிஞ்சமாட்டார். குண்டு வினாடிக்கு 3000 அடி வேகத்தில் போகிறது என்ற பெருமையை 1915-இல் சாவேஜ் கம்பெனிக்காரர்கள் பெயரிலேயே ஏற்றிவிட்டார்கள். .270 என்று பெயர் சூட்டிய குண்டை அளந்தால் .277 அங்குலம். .280-ஐ அளந்தால் .284. ஏன் என்று கேட்கக்கூடாது. பண்டிதரைக் கேட்டால் சொல்லுவார், அதனால்தான் கேட்கக்கூடாது.

அடுத்தது எடை. குண்டை கிரெயினில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். மானுக்குப் போடும் 150 கிரெயின் குண்டு நம் கணக்கில் பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய ஒன்றேகால் சவரன். 150 போதுமா, 165 வேண்டுமா என்பது பண்டிதர்களுக்குள் தீராத வழக்கு. வித்தியாசம் ஒரு கிராம். நிச்சயதார்த்தத்தில் ஒரு கிராம் குறைந்ததற்காக மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இந்த வழக்கின் உக்கிரம் மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது.

பெண் பொறுமையாகக் கேட்டாள். நோயாளிகளைக் கேட்டுப் பழகியவள். இரண்டாம் கோப்பை காபியின் விளைவாகப் பண்டிதர் உள்ளே போக நேர்ந்தது. திரும்பி வந்தபோது அவள் அடுக்கிலிருந்த ஒரு பழைய .308-ஐ எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, அரசுப் பின்னணிச் சோதனைக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பண்டிதர்களுக்குள் கட்சிகள் உண்டு. மூலபுருஷர்கள் இருவர். ஜாக் ஓ'கானர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர், பிறகு 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையின் துப்பாக்கிப் பகுதியை நெடுங்காலம் நடத்தியவர். இலேசான குண்டு, மிகுந்த வேகம், சரியான இடம் என்பது அவர் கொள்கை. 1925-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .270-ஐ உலகத்துக்குக் கொண்டுசேர்த்தவர் அவர்தான் என்று சொல்லலாம். மற்றவர் எல்மர் கீத். பெரிய தொப்பி, சுருட்டு, மாட்டுப்பண்ணை வாழ்க்கை. குண்டு பெரிதாக இருக்க வேண்டும், கனமாக இருக்க வேண்டும், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வர வேண்டும். .270 என்றாலே அவருக்கு ஏளனம். இருவரும் ஐடஹோ மாநிலத்திலேயே குடியிருந்துகொண்டு பத்திரிகைகளில் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். ஓ'கானர் 1978-இல் போனார், கீத் 1984-இல். சண்டை மட்டும் எங்கள் ஊர்க் கவுண்டரில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

நம்முடையவர் எந்தக் கட்சி? எதிரே நிற்பவர் எந்தக் கட்சியோ அதற்கு மறுகட்சி.

நடுவில் இளந்தலைமுறை ஒன்று புகுந்தது. 2007-இல் ஹார்னடி கம்பெனி இலக்குப் போட்டிக்காரர்களை மனத்தில் வைத்து 6.5 க்ரீட்மோர் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. உதை குறைவு, காற்றில் அதிகம் தள்ளப்படாது, தூரத்தில் நேராகப் போகும். ஆக, உருப்படியான சரக்கு. அதனால் பழையவர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. தலையில் கொண்டை போட்ட பையன்கள் வாங்குவது என்று கேலி செய்வார்கள். நம் பண்டிதரும் பல வருஷம் செய்தார். ஒருநாள் அவர் கார் டிக்கியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பார்த்தேன். "மருமகனுக்கு," என்றார். அவருக்கு மகள் கிடையாது. நான் எதுவும் கேட்கவில்லை, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூட உதவினேன்.

என்னைக் கண்டதும் அவருக்கு இந்தியா நினைவுக்கு வந்துவிடும். "கார்பெட்!" என்பார். சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-இல் அதைச் சுட்டதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜிம் கார்பெட்டுக்கு ஒரு .275 ரிக்பி துப்பாக்கியைப் பரிசளித்தார். அது உள்ளபடியே ஜெர்மன் மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாதான், ஆங்கிலேயர் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். அதே தோட்டாவை வைத்துக்கொண்டு கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை மூளையில் குறிவைத்துச் சாய்த்தார். யானைக்கே போதுமானது மானுக்குப் போதாதா என்று சின்னக் குண்டுக் கட்சியோடு பேசும்போது இதைச் சொல்லுவார். பெரிய குண்டுக் கட்சிக்கு ஆள் தேவைப்படும்போது கென்னத் ஆண்டர்சனைக் கூப்பிடுவார். பெங்களூரில் இருந்துகொண்டு நம் சேலம், தர்மபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த ஆண்டர்சன் கையில் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் சிங்க வேட்டைக்கு ஆப்பிரிக்கா கொண்டுபோனதும் அதே ரகம்.

ஜவளகிரி எப்படி இருக்கும் என்று என்னை ஒருமுறை கேட்டார். ஆண்டர்சன் 1954-இல் எழுதிய புத்தகத்தில் அந்த ஊர் வருகிறதாம். தளிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஓசூர் வரை போயிருக்கிறேன், ஒரு தொழிற்சாலை நேர்காணலுக்கு. பென்சில்வேனியாவில் பிறந்தவர் என் நாட்டுக் காட்டை எனக்கு விளக்கினார். 1972-க்குப் பிறகு அங்கே வேட்டை சட்டவிரோதம் என்றேன். "அப்படியானால் நீங்கள் எதைப் பற்றித்தான் பேசிக்கொள்வீர்கள்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

அவர் வீட்டு நிலவறையில் இரும்பு அலமாரி இருக்கிறது. அதில் துப்பாக்கிகள் விட்டத்தின் வரிசைப்படி நிற்கும். வரிசையில் நிற்பவற்றைவிட, நடுவில் இல்லாதவைதான் அவர் கண்ணுக்குப் படும். 6.5 க்ரீட்மோரின் குண்டு .264 அங்குலம். .270-இன் குண்டு .277. நடுவில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. .277-க்கும் 7 மில்லிமீட்டர் ரகத்தின் .284-க்கும் இடையே இருப்பது இரண்டு தலைமுடிக் கனம். அந்த இரண்டு தலைமுடிக்காக அவர் ஒரு முழுத் துப்பாக்கி, ஸ்கோப், தோல்வார், உறை எல்லாம் சேர்த்து வாங்கினார். "இது இல்லாமல் ஒரு இடைவெளி இருந்தது," என்றார். கம்பெனிக்காரர்களும் இவருக்கென்றே உழைக்கிறார்கள். 2021-இல் 6.8 வெஸ்டர்ன், 2022-இல் 7 மில்லிமீட்டர் பி.ஆர்.சி. எல்லா இடைவெளியும் அடைபட்ட பிறகு எங்கே இடைவெளி கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் விந்தை. 1906-இன் கிழத் தோட்டா இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு இன்னும் பலசரக்குக் கடையில்கூடக் கிடைக்கிறது.

கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் சுடுதளம். மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை அடக்கி, நூறு கெஜத்துக் காகிதத்தில் மூன்று குண்டு. மூன்று துளையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் காகிதத்தை வெட்டி மணிபர்ஸில் வைத்துக்கொள்வார். பிள்ளைகளின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைக் காகிதங்கள். நாலாவது குண்டைச் சுடமாட்டார். நாலாவது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்.

மணல் மூட்டையை எடுத்துவிட்டு நின்றுகொண்டு சுடச் சொன்னால் காற்று சரியில்லை என்பார். ஒருமுறை சுடுதளத்தில் ஒரு கிழவர் குறும்பு செய்தார். பண்டிதர் திரும்பியிருந்த நேரத்தில், அவருடைய .300 வின்செஸ்டர் மேக்னத்திலிருந்து தோட்டாவை உருவிவிட்டு வெறுமனே மூடிவைத்தார். தோளில் வாங்கும் உதை .243-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிற துப்பாக்கி அது. பண்டிதர் குறிவைத்தார், விசையை அழுத்தினார், 'டிக்' என்றது. அந்த 'டிக்'கோடு குழல்முனை ஒரு சாண் கீழே குனிந்தது, பண்டிதரின் கண் இறுக மூடியிருந்தது. வராத உதைக்கு உடம்பு முன்கூட்டியே பயந்திருக்கிறது. இது எல்லாருக்கும் உள்ளதுதான், பெரிய தோட்டாக்காரர்களுக்குக் கூடுதலாக உண்டு. அவர் வலது புருவத்துக்கு மேல் பிறைநிலா வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. உதையில் பின்னால் வந்த ஸ்கோப்பின் விளிம்பு முத்தமிட்ட இடம். அதை ராணுவத்தார் பதக்கம் போல வெளிச்சத்தில் காட்டுவார்.

முழுக்கக் கிண்டலாகவே சொல்லிவிட்டால் அநியாயம். பண்டிதர் அசடர் இல்லை. காயப்பட்டுத் தப்பி ஓடும் விலங்கு என்றால் அவருக்கு நிஜமாகவே தூக்கம் வராது. ஜான் நாஸ்லர் கதையைச் சொல்லும்போது குரல் கம்மும். 1946-இல் கனடாவில் நாஸ்லர் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டார். அதன் உடம்பில் சேறு காய்ந்து ஓடு கட்டியிருந்தது. வேகமான குண்டுகள் மேலேயே சிதறி உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து, நடுவே தடுப்புச் சுவர் வைத்து ஒரு குண்டு செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உருக்குலையாமல் உள்ளே போகும். 1948 முதல் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. குழலின் துளை எத்தனை என்பதைவிட, குண்டு எப்படிச் செய்யப்பட்டது, எங்கே போய்ப் பட்டது என்பதுதான் விஷயம் என்று பண்டிதரே அந்தக் கதையை முடிப்பார். முடித்த கையோடு துளையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்.

அவருடைய வாழ்க்கையின் துன்பம் மாமனார். ஓய்வுபெற்ற மரஆலைத் தொழிலாளி. அவரிடம் இருப்பது ரெமிங்டன் 760, குழலுக்கு அடியிலுள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிளால் மான் சுடப் பென்சில்வேனியாவில் அனுமதி இல்லாததால் இந்த ரகம் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. காரும் மின்சாரமும் வேண்டாமென்று குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் மக்கள் அங்கே அதிகம். அதனால் இதற்கு 'ஆமிஷ் மெஷின்கன்' என்று செல்லப்பெயர். மாமனாருடையது .30-06. எந்தக் குண்டு என்று கேட்டால் "பச்சைப் பெட்டி" என்பார். இருபது தோட்டா உள்ள ஒரு பெட்டி அவருக்கு வருஷக்கணக்கில் வரும். ஒன்று, ஸ்கோப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. இன்னொன்று மானுக்கு.

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக் காலம் நன்றியறிதல் நாளுக்கு அடுத்த திங்களன்று தொடங்குவது பல பத்தாண்டு வழக்கமாக இருந்தது. அன்றைக்குக் கிராமப்புறத்தில் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விடுவார்கள். 2019 முதல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியதைப் பற்றியும் பண்டிதருக்குக் கருத்து இருக்கிறது, விட்டுவிடுவோம். போன வருஷத்துச் சனிக்கிழமை விடியலில் மாமனாரும் மருமகனும் பளீரென்ற ஆரஞ்சு உடையில் ஒரே சரிவின் இரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பண்டிதரிடம் புதிய மேக்னம், அதன் மேல் இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப். சுடுதளத்தில் வைத்த இருபத்துநாலிலேயே அது இருந்தது. ஏழரை மணிக்குக் கொம்புமான் ஒன்று புதரிலிருந்து வந்து நாற்பது கெஜத்தில் நின்றது. பண்டிதர் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். பழுப்பு நிறம். நகர்த்தினார், பழுப்பு நிறம். மேலே போனார், ரோமம். எது முன்பக்கம், எது பின்பக்கம், நடுவில் இது விலாவா தொடையா ஒன்றும் தெரியவில்லை. அந்த ரோமத்தின் ஒவ்வொரு இழையையும் பிற்பாடு எனக்கு வர்ணித்தார். மான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சரிவைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் ஒரே ஒரு வெடிச் சத்தம்.

திங்கட்கிழமை கடையில், புதர்க்காட்டுக்கென்று குட்டைக்குழல் .45-70 ஒன்று தன்னிடம் இல்லாத குறையை அவர் கண்டுபிடித்தார்.

இந்த வருஷம் நடந்ததுதான் பெரிய சோதனை. மாமனாருக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி .30-06 உதை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூலை நாலாம் தேதி விருந்தில், இறைச்சி வாட்டும் அடுப்புக்குப் பக்கத்தில், நானும் தட்டோடு நின்றிருந்தபோது கிழவர் மருமகனிடம் வந்தார். "உதை கம்மியா மானுக்கு ஏதாவது சொல்லேன். நீதான் இதெல்லாம் படிக்கிறவன்."

முப்பது வருஷமாகப் பண்டிதர் ஊராருக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டிய ஆள் கேட்டதும் வாய் அடைத்துவிட்டது. "யோசித்துச் சொல்கிறேன்," என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

யோசித்தார். எக்ஸெல்லில் அட்டவணை போட்டார். கீழே தோட்டாக்களின் பெயர், குறுக்கே உதை, வேகம், நூறு கெஜத்தில் மிஞ்சும் விசை, விலை, கிடைக்கும் கடைகள். ஆகஸ்டில் மாமனாரின் எடைக்கு ஒரு பத்தி சேர்ந்தது. செப்டம்பரில் குளிர்ச்சட்டையின் கனம். .243 முன்னால் நின்றது. இலேசான குண்டாயிற்றே என்று 7எம்.எம்.-08 அதைத் தள்ளியது. வயோமிங்குக்கும் ஒருவேளை மாமனார் வந்தால் என்று எண்ணி அக்டோபரில் எல்க்குக்கு ஒரு பத்தி திறந்தார், முழு அட்டவணையும் தலைகீழாகிவிட்டது. அலுவலகத்தில் எங்கள் மேலாளர் ஒருமுறை பின்னால் வந்து நின்று, அதைக் காலாண்டு அறிக்கை என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வந்தது. அட்டவணை முடியவில்லை. மாமனார் மகன் வீட்டுப் பேத்தியின் .243-ஐ இரவல் வாங்கிக்கொண்டு போனார். எட்டு மணிக்குள் மான் விழுந்தது.

அன்று மாலை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பண்டிதர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கிழவர் கொட்டகைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார், இவர் பக்கத்தில் நின்று கேட்டார்: எந்தக் கம்பெனித் தோட்டா, எத்தனை கிரெயின், செம்பா ஈயமா, அந்தப் பக்கம் வந்ததா வரவில்லையா?

"பெட்டியைப் பாக்கலையே," என்றார் மாமனார். "பேத்திதான் ரெண்டு எடுத்துக் குடுத்தா. ஒண்ணு மிச்சம் இருக்கு." சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

பண்டிதர் அதை வாங்கி விளக்கடியில் பிடித்தார். தோட்டாவின் அடியில் கம்பெனி பெயரும் ரகமும்தான் பொறித்திருக்கும், குண்டின் எடை இருக்காது. அவருக்குத் தெரியாததா? கொட்டகைக் கதவைத் திறந்து, வீட்டுக்குள் இருந்த மாமியாரிடம் சமையலறைத் தராசு எங்கே என்று உரக்கக் கேட்டார்.